பக்கத்து வளவைப் பாழாக்காமல் வீடு கட்டுவது எப்படி

வன்னியில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகிற ஏ-35 வீதியோரக் கிராமங்களில் வீடு, முன்பள்ளி, பொதுநோக்கு மண்டபம் என்று பல கட்டடங்கள் எழும்புவதைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். கட்டுகிறவருக்கு வீடு என்பது வாழ்நாள் ஆசை. அயல் வீட்டுக்காரருக்கோ அது மாதக்கணக்கில் தூசு, சத்தம், சேறு. போரில் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து எழும்பி வந்த சனம் என்பதால், "பாவம், அவையும் ஒரு வீடு கட்டத்தானே வேணும்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமையை நாங்கள் எங்கள் உரிமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் வேலைத்தளத்தில் சொல்கிற விதி ஒன்றுதான்: எங்கள் வளவில் உண்டாகிற தூசும் சேறும் கழிவுத் தண்ணீரும் எங்கள் வேலிக்குள்ளேயே அடங்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. எந்த மாதத்தில் எந்த வேலை, வளவின் எந்த மூலையில் எந்தச் சாமான் என்பதை முதல் லோட் மண் வந்து இறங்குவதற்கு முன்னமே தீர்மானித்துவிட வேண்டும். அதைச் செய்துவிட்டால் முக்கால்வாசிச் சிக்கல் வராது.

முதலில் வெள்ளம் ஓடுகிற வழி

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தூசும் சத்தமும் வேலை முடிய நின்றுவிடும். தண்ணீர் போகிற வழியை அடைத்துவிட்டால் அந்தக் கரைச்சல் ஒவ்வொரு மாரிக்கும் வரும்.

வன்னி பார்வைக்குத் தட்டையான நிலம். ஆனால் மழைத்தண்ணீர் வருகிற பக்கம் ஒன்றும் போகிற பக்கம் ஒன்றும் எந்த வளவுக்கும் உண்டு. போகிற தண்ணீர் ஏதாவது ஒரு வாய்க்காலிலோ குளத்திலோ சேரும். கம்பி வேலியும் கிடுகு வேலியும் இருந்த காலத்தில் அது தன் பாட்டில் ஓடியது. இப்போது வெள்ளத்துக்குப் பயந்து வளவு முழுவதையும் இரண்டு மூன்று அடி கிரவல் போட்டு உயர்த்துகிறோம், சுற்றிவர மதில் கட்டுகிறோம். எங்கள் முற்றம் காய்ந்து கிடக்கும். அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் போய் நிற்கும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தது பெருமழையால். அதற்கு எந்த மதிலும் பொறுப்பில்லை. ஆனால் சாதாரண மாரி மழைக்கே ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கிறதென்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் தண்ணீரின் பாதையில் மண் போட்டிருக்கிறார்.

ஆகவே வரைபடம் கீறுவதற்கு முன், அந்த ஒழுங்கையில் கனகாலம் இருக்கிற ஒருவரிடம் போய்க் கேளுங்கள். "அம்மா, மாரிக்கு இஞ்ச எந்தப் பக்கத்தாலை வெள்ளம் ஓடுறது?" என்று நான் கேட்காமல் ஒரு அத்திவாரமும் வெட்ட விடுவதில்லை. கையை நீட்டிக் காட்டுவார்கள். எந்த ஆண்டு எதுவரைக்கும் தண்ணீர் வந்தது என்று மரத்தையும் காட்டுவார்கள். அதன் பிறகு மேசனிடம் இருக்கிற தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, வளவின் நான்கு மூலையிலும் மட்டம் பார்த்து, பள்ளமான பக்கத்தில் ஒரு கம்பு நட்டுவிடுங்கள். வேலை முடியும்வரை அந்தப் பக்கம் தண்ணீருக்கு உரியது. அங்கே சல்லி கொட்டக்கூடாது.

நிலம் உயர்த்துவதென்றால் வீடு நிற்கிற இடத்தை மட்டும் உயர்த்துங்கள். அத்திவாரத்தை உயர்த்திக் கட்டி உள்ளே மண் நிரப்பினால் போதும். முற்றத்தையும் கோடியையும் இருந்த மட்டத்திலேயே விடலாம். மதில் கட்டியே ஆகவேண்டும் என்றால், தண்ணீர் வருகிற பக்கத்திலும் போகிற பக்கத்திலும் நிலமட்டத்தில் துவாரங்கள் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். கல் ஒன்றை வைக்காமல் விட்டு, அந்த இடத்தில் கம்பி வலை அடித்தால் பாம்பும் நாயும் வராது, தண்ணீர் போகும். 'துவாரம் விட்டால் மதில் வடிவில்லை' என்கிற பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வீதியோர வாய்க்காலில் நடக்கிறதும் இதே பிழைதான். டிப்பர் வளவுக்குள் வரவேண்டும் என்று வாசலில் வாய்க்காலை மண்ணால் நிரப்பிவிடுவார்கள். 'வேலை முடிய எடுத்துவிடலாம்' என்பார்கள். மாரி அதற்கு முன் வந்துவிடும். முதல் நாளே கொங்கிறீற் குழாய் ஒன்று போட்டு, அதற்கு மேல் மண் நிரப்பிப் பாதை செய்யுங்கள். எப்படியும் பிறகு வாசலுக்கு அந்தக் குழாய் தேவைதான்.

கூரைத் தண்ணீரையும் கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 1000 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் அந்த ஒரு கூரையில் இருந்து மட்டும் விழும். வன்னியில் மாரிக்கு அப்படி ஒரு நாள் வருவது புதுமையில்லை. பீலி அடித்து ஒரு பங்கைத் தாங்கியில் சேமியுங்கள். மிச்சத்தை எங்கள் வளவிலேயே சல்லி நிரப்பிய குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குங்கள். கோடையில் கிணறு வற்றுகிற ஊரில் இந்தத் தண்ணீரைப் பக்கத்து வேலிக்குள் தள்ளிவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

வேலை நடக்கும்போது அத்திவார மண் கும்பியாகக் கிடக்கும். மழை பெய்தால் அது கரைந்து வயல் வாய்க்காலை மூடும். காலபோக நெல் விதைத்திருக்கிற நேரத்தில் வாய்க்கால் தூர்ந்தால் கமக்காரனுக்கு நட்டம். அத்திவாரத்தை ஐப்பசிக்கு முன் முடித்து, தோண்டிய மண்ணைத் திருப்பி நிரப்பி இடித்து இறுக்கிவிடுவது நல்லது. அது முடியாவிட்டால் பள்ளமான பக்கத்தில் உரப்பைகளில் மண் நிரப்பி வரிசையாக அடுக்குங்கள். பைகள் ஒன்றோடொன்று முட்டி இருக்கவேண்டும், அடியில் இடைவெளி இருக்கக் கூடாது. தண்ணீர் கசிந்து போகும், சேறு நின்றுவிடும். பெருமழைக்குப் பிறகு நின்ற சேற்றை வழித்து மீண்டும் கும்பியிலேயே போடுங்கள்.

சோளகமும் தூசும்

அறுவடைக் காசு கையில் வருகிற மாசி, பங்குனியில்தான் எங்கள் ஊர்களில் கனபேர் வீட்டு வேலை தொடங்குவார்கள். சுவர் எழும்பிப் பூச்சுக்கு வரும்போது வைகாசி ஆகிவிடும், சோளகம் பிடித்துவிடும். புரட்டாதி வரைக்கும் தென்மேற்கில் இருந்து அடிக்கிற அந்தக் காற்று மணலையும் சீமெந்தையும் வடகிழக்குப் பக்க வளவுக்குக் கொண்டுபோய்க் கொட்டும். ஆகவே சோளக காலத்தில் வடகிழக்கு அயலவர்தான் உங்கள் தூசை விழுங்குகிறவர். மணல் கும்பி, மிக்சர், ஓடு வெட்டுகிற இடம் மூன்றையும் அந்த வேலியில் இருந்து இயன்றளவு தள்ளி, கட்டடத்தின் மறைவில் வையுங்கள்.

மணலைத் திறந்து போடாதீர்கள். பழைய தறப்பாள் இல்லாத வீடு வன்னியில் குறைவு. அதை விரித்து ஓரங்களில் கல் வைத்தால் காற்றும் எடுக்காது, மழையும் கரைக்காது. உங்கள் மணலும் மிஞ்சும். ஒரு கியூப் என்றால் 100 கன அடி; தேவைக்கு மேலே இரண்டு மூன்று கியூப் வாங்கிக் குவித்து வைக்காமல், வேலை போகிற வேகத்துக்கு ஏற்ப எடுப்பித்தால் கும்பியே சிறிதாக இருக்கும்.

வேலியோரம் மறைப்புக் கட்ட நான் தகரத்தை விடக் கிடுகைத்தான் விரும்புகிறேன். தகரத்தில் அடிக்கிற காற்று மேலால் ஏறி மறுபக்கம் சுழன்று விழும். தூசும் அதோடு விழும். கிடுகில் காற்று கொஞ்சம் ஊடுருவி வேகம் குறையும், தூசு இந்தப் பக்கமே இறங்கும். பலத்த காற்றுக்குத் தகரம் பிடுங்கிக்கொண்டு போகிற ஆபத்தும் உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு கிடுகு அகலம் கூட்டிக் கட்டுங்கள்.

ஓடுகளையும் மாபிளையும் அரிகிற கிரைண்டர் தூசுதான் எல்லாவற்றிலும் மோசம். மாவைப் போல வருகிற அந்தத் தூசில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அரிகிறவருக்கு முதல் ஆபத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அடுத்தது. ஒரு போத்தலின் மூடியில் துளை போட்டு ஒருவர் வெட்டுகிற இடத்தில் தண்ணீர் சொட்டவிட்டுக்கொண்டே இருந்தால் தூசு சேறாக விழும். மின்சார கிரைண்டர் என்றால் தண்ணீர் மிசினுக்குள் போகக்கூடாது, நிலத்தில் தேங்கவும் கூடாது. அதனால் தண்ணீர்த் தட்டோடு வருகிற ஓடு வெட்டும் மிசினை வாடகைக்கு எடுப்பதே பாதுகாப்பு. வெட்டுகிறவருக்கு வாய்மூடி வாங்கிக் கொடுங்கள். சும்மா துணியைக் கட்டினால் அந்தத் தூசு நிற்காது.

விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டு வேலையின்போது பக்கத்து வளவு அக்கா வேலிக்கு வந்து நின்றார். "பிள்ளை, நாளைக்கு நெல் அவிக்கப்போறன். அந்த மிசினை ஒருக்காப் போடாமல் இருப்பியளோ?" என்று கேட்டார். பாயில் காயப்போட்ட புழுங்கல் நெல்லில் சீமெந்துத் தூசு விழுந்தால் அதை எப்படிப் புடைத்து எடுப்பது? அடுத்த நாள் ஓடு வெட்டுகிற வேலையை நிறுத்தி, மேசன்மாரை உள்ளறைப் பூச்சுக்கு விட்டோம். வேலை பிந்தவில்லை. அன்றிலிருந்து, ஒவ்வொரு கிழமைத் தொடக்கத்திலும் நாங்களே வேலிக்குப் போய் "இந்தக் கிழமை நெல், மிளகாய், ஒடியல் ஏதும் காயப்போடுறியளோ?" என்று கேட்கிறோம். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் கருவாட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒழுங்கைத் தூசுக்குப் பவுசரில் தண்ணீர் அடிப்பது வழக்கம். நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். ஆவணி, புரட்டாதியில் சனம் குடிக்கத் தண்ணீருக்கு வாளியோடு நிற்கிறபோது வீதிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது சரியில்லை. டிப்பரை மெதுவாக ஓடச் சொல்லுங்கள், மண் லோட்டைத் தறப்பாளால் மூடச் சொல்லுங்கள், காற்று எழும்புவதற்கு முன் காலையில் இறக்கச் சொல்லுங்கள். வாசலில் கொஞ்சத் தூரம் சல்லி பரப்பினால் சக்கரத்தில் ஒட்டிய மண் அங்கேயே உதிரும்.

சீமெந்துத் தண்ணீர்

மிக்சரும் சட்டியும் மண்வெட்டியும் கழுவிய தண்ணீர் பார்க்கச் சாம்பல் நிறத்தில் பேசாமல் கிடக்கும். அதன் காரத்தன்மை 12 பிஎச் வரை, சிலவேளை அதற்கு மேலும் போகும். மீன் சாகும், பயிர் கருகும், தோல் புண்ணாகும். கட்டாக்காலி மாடுகள் தாகத்துக்கு எதையும் குடிக்கிற கோடையில் அதைப் பரலில் திறந்து வைப்பதும் பிழை, குளத்து அலைகரைப் பக்கம் ஊற்றுவதும் பிழை, கிணற்றடியில் கழுவுவதும் பிழை.

கிணற்றில் இருந்து தள்ளி, மேட்டுப் பக்கத்தில் ஒரு ஆழமில்லாத குழி வெட்டி உள்ளே தறப்பாள் விரியுங்கள். எல்லாக் கழுவலும் அதற்குள்தான். மேலே தெளிகிற தண்ணீரை அடுத்த நாள் சாமான் கழுவத் திரும்ப எடுக்கலாம். மிச்சம் வெயிலில் வற்றிவிடும், அடியில் இறுகுகிற கட்டியை உடைத்து நிலநிரப்புக்குப் போடலாம். குழியைச் சுற்றி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள், மாடும் பிள்ளைகளும் போகாமல். வெற்றுச் சீமெந்துப் பைகளையும் பிளாஸ்ரிக்கையும் எரிக்கவே வேண்டாம்; கட்டி வைத்துப் பிரதேச சபைக் கழிவு வண்டிக்குக் கொடுங்கள்.

மலசலகூடக் குழி இதோடு சேர்ந்த விடயம். உங்கள் கிணற்றுக்கு மட்டும் 50 அடி பார்த்துவிட்டுக் குழியைப் பக்கத்து வேலியோரம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கிணறு எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்து, அங்கேயும் அதே 50 அடியை அளவுங்கள்.

தோண்டும்போதும் இடிக்கும்போதும்

இது எங்கள் மண்ணுக்கே உரிய பகுதி, அவசரப்படாமல் வாசியுங்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே ஜேசிபியைக் கூப்பிடுங்கள். அப்படி ஒப்படைத்த காணியிலும் ஆழத் தோண்டும்போது ஷெல்லோ வேறு ஏதும் இரும்போ தட்டுப்படலாம். தட்டுப்பட்டால் வேலையை அந்த நொடியே நிறுத்துங்கள். தொடவேண்டாம், தண்ணீர் ஊற்றவேண்டாம், மண்போட்டு மூடவும் வேண்டாம். ஆட்களை வந்த வழியாலேயே வெளியே எடுத்து, தூரத்தில் ஒரு அடையாளம் வைத்து, அயல் வீடுகளுக்கும் சொல்லி, பொலிசுக்கு அறிவியுங்கள். பழைய இரும்புக்கு விலை இருக்கிறதென்று யாராவது எடுக்க வந்தால் சத்தம் போட்டாவது துரத்துங்கள்.

உடைந்த பழைய வீட்டை இடிப்பதென்றால் அஸ்பெஸ்ரஸ் கூரைத் துண்டுகளை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். காய்ந்த சீற்றை உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் போகும். அவை நுரையீரல் புற்றுநோய்வரை கொண்டுபோகக் கூடியவை, நோய் வெளித்தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், அரியாமல் முழுதாகக் கழற்றி இறக்குங்கள். துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றிக் கட்டிவிட்டு, எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையில் கேளுங்கள். ஒழுங்கைக் குழியை நிரப்ப அந்தத் துண்டுகளைப் போடுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது. டயர் ஏற ஏற அது தூளாகிப் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிற தூசாகிறது. குழி நிரப்ப இடித்த கல்லும் கொங்கிறீற்றும் தாராளமாகப் போதும்.

சத்தம், நுளம்பு, மரம்

1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி கட்டட வேலைச் சத்தம் காணி எல்லையில் காலை 6 முதல் இரவு 9 வரை 75 டெசிபலையும், இரவில் 50 டெசிபலையும் தாண்டக்கூடாது. சட்டம் இரவு 9 வரை விட்டாலும், எங்கள் ஊர்களில் பிள்ளைகள் படிப்பது பொழுதுபட்ட பிறகுதான். மாலை 6 மணியோடு மிசின் வேலையை நிறுத்திவிடுங்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சை நாட்களிலும், பக்கத்தில் செத்த வீடு நடந்தாலும், வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனம் நடந்து போகிற வீதியில் அந்த நாட்களிலும் டிப்பரைக் கூப்பிடாதீர்கள்.

டெங்கு நுளம்பு முட்டையில் இருந்து பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை போதும். பரல், வாளி, கொங்கிறீற்றின் மேல் தேக்குகிற தண்ணீர் எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை ஊற்றிவிட்டு, உட்பக்கத்தை உரஞ்சிக் கழுவுங்கள். சும்மா ஊற்றினால் போதாது, முட்டை சுவரில் ஒட்டியிருந்து மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும். கொங்கிறீற் தட்டைத் தண்ணீர் தேக்கிப் பதப்படுத்துவதை விட நனைத்த சாக்கு விரித்து ஈரமாக வைப்பது நல்லது, தண்ணீரும் மிச்சம். நுளம்பு பெருகவிட்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேம்பையும் புளியையும் வெட்டத் தேவையில்லாத வீட்டுப் படம்தான் நல்ல படம். மரத்தின் கிளை விரிந்திருக்கிற வட்டத்துக்குள் மண் குவிப்பதும், டிப்பரை ஏற்றுவதும் வேரை மூச்சடைக்க வைக்கும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து மரம் பட்டுப்போகும்போது காரணம் யாருக்கும் தெரியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் வெட்ட அனுமதி வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

மணல் வருகிற ஊர்

எங்கள் வீட்டு மணல் எங்கோ ஒரு ஆற்றங்கரை ஊரில் இருந்து வருகிறது. அந்த ஊர்க்காரரும் எங்கள் அயலவர்தான். அனுமதி இல்லாமல் இரவில் அள்ளினால் ஆற்றங்கரை இடிந்து விழும், கிணற்று நீர்மட்டம் இறங்கும், தோண்டிய கிடங்கில் மாரித் தண்ணீர் நின்று பிள்ளைகள் தவறி விழுவார்கள். கிரவல் கிடங்கும் அப்படித்தான். லோட் இறக்க முன் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ குறைகிறதென்று இரவு லோட் எடுக்காதீர்கள்.

அயலவராக இருந்தால்

இதுவரை சொன்னது கட்டுகிறவருக்கு. உங்கள் பக்கத்தில் வேலை நடந்து, தூசும் வெள்ளமும் உங்கள் பக்கம் வருகிறதென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் போங்கள், மேசனிடம் இல்லை. மேசனால் முடிவெடுக்க முடியாது. என்ன வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: "தூசாக் கிடக்கு" என்பதை விட "அந்த மணலுக்கு ஒரு தறப்பாள் போட்டுவிடுங்கோ, தம்பி" என்பது வேலைக்காகும்.

அதற்கும் அசையாவிட்டால் பிரதேச சபை. கட்டட அனுமதி கொடுத்தது அவர்கள்தான். அனுமதிக்கு மாறாக வாய்க்காலை அடைத்திருந்தால் நிறுத்தச் சொல்கிற அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. நுளம்பு, மலசலகூடக் குழி என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பெரிய கட்டடம், சல்லி உடைக்கிற மிசின், ஓயாத சத்தம் என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம். பொதுத் தொல்லை என்று பொலிஸ் மூலம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எங்கே போனாலும் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். படம் எடுப்பதென்றால் மழை பெய்கிற நேரத்தில், தண்ணீர் எந்தத் துவாரத்தால் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிய எடுங்கள். வெயில் வந்தபிறகு எடுத்த படத்தில் எதுவும் தெரியாது.